ஸ்பானிஷ் படிச்சு என்ன பண்ணப் போறே?

எஞ்சினியரிங் படிக்கிறவனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பி.காம் படிக்கிறவனிடம் கூட "அடுத்து சி.ஏ.வா, எம்.பி.ஏ.வா?" என்பதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு பையனோ பெண்ணோ "காலேஜ்ல ஸ்பானிஷ்தான் மெயின்" என்று சொல்லிப் பார்க்கட்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கூட ரசத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "சரிப்பா, அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?"

இது நம்மூர் மாமாக்களுக்கு மட்டும் சொந்தமான கேள்வி இல்லை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிற அமெரிக்காவிலேயே பல்கலைக்கழக நிர்வாகங்கள் இதே கேள்வியை, கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில், தங்கள் சொந்த ஸ்பானிஷ் துறைகளிடம் கேட்டுக் கொண்டிருக்கின்றன. கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருஷமோ நான்கு வருஷமோ போகிறது, ஃபீஸ் போகிறது, அந்த நேரத்தில் வேறொன்றைப் படித்திருக்கலாம் என்ற கணக்கும் இருக்கிறது. வரவு என்ன என்று கேட்பது நியாயம்தான். கோளாறு கேள்வியில் இல்லை, அதற்கு ஸ்பானிஷ் துறைகள் வழக்கமாகச் சொல்கிற பதிலில் இருக்கிறது.

அந்தப் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 50 கோடி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் ஒன்று. ஆகவே வேலை கிடைக்கும், படியுங்கள்! எல்லாமே உண்மை. ஆனால் இதெல்லாம் ஸ்பானிஷ் *கற்றுக்கொள்வதற்கான* காரணங்கள். ஸ்பானிஷை *பட்டமாகப் படிப்பதற்கான* காரணங்கள் இல்லை. இரண்டும் வேறு வேறு சரக்கு. சும்மா பேசவும் எழுதவும் வேண்டுமென்றால் சாயங்கால வகுப்பு இருக்கிறது. 1991-ல் ஸ்பெயின் அரசு தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு டெல்லியில் கிளை இருக்கிறது. அவர்கள் நடத்தும் 'டெலே' பரீட்சையை ஏ1-லிருந்து சி2 வரை ஆறு படிகளில் எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஃபோனில் டுயோலிங்கோவின் பச்சைப் பறவை இருக்கவே இருக்கிறது, தினமும் வந்து மிரட்டும் :-)

"எங்களிடம் வந்தால் மொழி வரும், மொழி வந்தால் வேலை வரும்" என்று ஒரு துறை தன்னைத்தானே விளம்பரம் செய்துகொண்டால், ஒருநாள் நிர்வாகம் திருப்பிக் கேட்கும்: "மொழிதானே? அதை ஆப்பிலேயே கத்துக்கலாமே, உங்களுக்கு எதுக்கு சம்பளம்?"

இது வெறும் கற்பனை இல்லை. 2023-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. சுமார் 4.5 கோடி டாலர் பற்றாக்குறை. நிர்வாகம் முதலில் போட்ட திட்டத்தில் உலக மொழிகள் துறையையே மொத்தமாக மூடுவதாக இருந்தது. மாற்று ஏற்பாடாக இணையவழி மொழி ஆப் ஒன்றோடு கூட்டு சேரலாம் என்ற யோசனையும் வெளிப்படையாகவே பேசப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்கள். செப்டம்பர் மாதம் நிர்வாகக் குழு ஓட்டெடுத்து 28 மேஜர்களை நீக்கியது. ஸ்பானிஷையும் சீனத்தையும் சொல்லிக்கொடுக்க ஒரு சில ஆசிரியர்களை மட்டும் வைத்துக்கொண்டது. அதாவது ஸ்பானிஷ் வகுப்பு இருக்கும், ஸ்பானிஷ் பட்டம் இருக்காது.

அது தனி ஒரு பல்கலைக்கழகத்தின் கதையும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் மொழி வகுப்புகளில் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று அங்கே நவீன மொழிகள் சங்கம் (எம்.எல்.ஏ. என்பார்கள், சட்டமன்றம் இல்லை) பல வருஷங்களாகக் கணக்கெடுத்து வருகிறது. 2016-ல் ஸ்பானிஷ் வகுப்புகளில் சுமார் 7 லட்சத்து 12 ஆயிரம் பேர். 2021-ல் சுமார் 5 லட்சத்து 84 ஆயிரம். இவ்வளவு சரிந்த பிறகும் அந்நிய மொழிகளில் முதலிடம் ஸ்பானிஷுக்குத்தான். அதே காலத்தில் கொரிய மொழி மட்டும் ஜம்மென்று ஏறியிருக்கிறது. கொரிய வகுப்பை நிரப்பியது வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டும் தொடரும் பார்த்துவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு வருகிறவர்கள்தான் அதிகம். மொழித் துறைகள் உற்றுப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

வகுப்பை வைத்துக்கொண்டு பட்டத்தை மட்டும் நீக்குவது சிக்கனம் மாதிரி தெரியும். உண்மையில் அது பசுவை விற்றுவிட்டுப் பாலை மட்டும் வரவு வைக்கிற வேலை. நாளைக்கு அந்த வகுப்பை எடுக்கப் போகிறவர் எங்கிருந்து வருவார்? ஸ்பானிஷை முழுதாகப் படித்த ஒருவர்தான் வரவேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளிகளுக்கு மொழி ஆசிரியர்கள் கிடைக்காமல் ஏற்கெனவே திண்டாட்டம். தேய்மானத்துக்கு ஒதுக்காமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டு லாபம் காட்டினால் ஆடிட்டர் விடமாட்டார். பல்கலைக்கழகத்தில் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

சரி, அந்தப் பட்டத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் வருஷம் இலக்கணமும் உச்சரிப்பும். இதில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் கொடுப்பினை உண்டு. 'ர'வையும் 'ற'வையும் பிரித்துப் பழகிய காதுக்கு ஸ்பானிஷின் ஒற்றை ர, அடித்து உருட்டுகிற இரட்டை ர இரண்டும் பயமுறுத்துவதில்லை. அலை போட்ட 'ன' நம் 'ஞ'வுக்குப் பக்கத்து வீடு. எழுத்தைப் பார்த்தால் அப்படியே படிக்கலாம், ஆங்கிலம் மாதிரி ஏமாற்றாது. உதைக்கிற இடம் 'இரு' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள் இருப்பதுதான். ஒருவன் இயல்பிலேயே சலிப்பூட்டுகிற ஆளா, இந்த நிமிஷம் சலிப்பாக இருக்கிறானா என்பது எந்த 'இரு'வைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மாற்றிப் போட்டால் நட்பு போய்விடும்.

ஆனால் இதெல்லாம் வாசல்படிதான். உள்ளே போன பிறகுதான் 'ஸ்பானிஷ்' என்று ஒரே ஒரு பொருள் கிடையாது என்பது தெரியவரும். பஸ் என்ற ஒரு சாதாரண வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். ஸ்பெயினில் அவுத்தோபூஸ். மெக்ஸிகோவில் காமியோன் (இதே வார்த்தைக்கு ஸ்பெயினில் லாரி என்று அர்த்தம்). கியூபாவிலும் கனாரித் தீவுகளிலும் குவாகுவா. அர்ஜென்டினாவில் கொலெக்தீவோ. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் பதாதா, கடலைத் தாண்டினால் பாபா. நீ, நீங்கள் விஷயத்துக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. பாடப்புத்தகம் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள் என்று சொல்லிக்கொடுக்கும். அர்ஜென்டினாவில் 'தூ'வைக் காணோம், எல்லாம் 'வோஸ்'. கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே, நண்பர்களுக்குள்ளேயே 'உஸ்தெத்' போட்டுப் பேசுவார்கள். பெற்ற பிள்ளையையே வாங்க போங்க என்று கூப்பிடுகிற கொங்கு நாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் "மரியாதைப் பன்மை" என்று ஒரே வரியில் இலக்கணம் படித்தவன் அங்கே போய் நின்றால், ஏன் எல்லோரும் விலகி நிற்கிறார்கள் என்று தப்பாக எடுத்துக்கொள்வான்.

மெக்ஸிகோவில் 'அஓரீத்தா' என்று ஒரு சொல். 'அஓரா' என்றால் இப்போது. அதில் சின்னதாக்குகிற ஒரு விகுதியைச் சேர்த்தால் 'இப்போவே' என்று வரவேண்டும். சில சமயம் வரும். சில சமயம் 'கொஞ்ச நேரத்தில்', சில சமயம் 'நடக்கவே நடக்காது, ஆனால் உன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது' என்று அர்த்தம். "இதோ கிளம்பிட்டேன், வந்துகிட்டே இருக்கேன்" என்று பாத்ரூமில் இருந்தபடி ஃபோனில் சொல்கிற நம் மக்களுக்கு அகராதி இல்லாமலே புரியும். ஃபோனில் இருக்கிற மொழிபெயர்ப்பு மென்பொருள் 'இப்போது' என்று காட்டும். வார்த்தை அளவில் அது சரியும் கூட.

இது ஏதோ ஜோக் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு நிஜச் சம்பவம். 1980, ஃப்ளோரிடா. கியூபாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 18 வயதுப் பையன் திடீரென்று நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறான். வீட்டார் அவன் 'இன்தொக்ஸிகாதோ' என்கிறார்கள். கியூப ஸ்பானிஷில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். காதில் விழுந்ததோ ஆங்கிலத்தின் 'இன்டாக்ஸிகேட்டட்'. போதை! டாக்டர்கள் போதை மருந்து அதிகமாக எடுத்துக்கொண்ட கேஸாக வைத்துப் பார்த்தார்கள். நிஜத்தில் மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது நேரம் கடந்துவிட்டது. கை, கால் நான்கும் செயலிழந்து போயின. வழக்கு முடிந்தபோது பேசப்பட்ட இழப்பீடு, அவர் வாழ்நாள் முழுதுக்குமாகச் சேர்த்து, சுமார் 7 கோடி டாலர் வரை போகக்கூடியது. முறையாகப் பயின்ற மொழிபெயர்ப்பாளர் யாரையும் அப்போது கூப்பிடவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். மொழி சுத்தமாகத் தெரியாதவனை விட அரைகுறையாகத் தெரிந்தவன் ஆபத்தானவன் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

"இதுக்கு மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சி போதுமே, பட்டம் எதுக்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பயிற்சி, தெரிந்த பொறிகளைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் குறிப்பிட்ட சொல் இப்போது அந்தத் துறையில் எல்லோருக்கும் பாலபாடமாகிவிட்டது. இன்னும் பட்டியலில் ஏறாத அடுத்த சொல்லை மோப்பம் பிடிக்க வேறு ஒன்று வேண்டும். பேசுகிறவர் எந்த ஊர், அந்த ஊர் ஸ்பானிஷ் எங்கே எப்படிப் பிரிந்தது, ஒரு சொல் ஏன் அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் ஆனது என்று பல வருஷம் பார்த்துப் பழகிய சந்தேகம் அது. அதைத்தான் நாலு வருஷமாக ஊட்டுகிறார்கள். செமஸ்டருக்கு எவ்வளவு வரவு என்று இதைக் காட்ட முடியாது என்பது அதன் துரதிர்ஷ்டம்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இன்னொரு சொல். 'கொர்ரலீத்தோ'. மேலே சொன்ன அதே சின்னதாக்குகிற விகுதிதான். குழந்தைகளை விளையாட விட்டுச் சுற்றி அடைத்து வைக்கிற சின்னப் பட்டிக்கு இந்தப் பெயர். 2001 டிசம்பரில் அர்ஜென்டினா அரசு மக்கள் வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்கு வாரத்துக்கு 250 என்று வரம்பு கட்டியது. பத்து வருஷமாக ஒரு பெஸோவுக்கு ஒரு டாலர் என்று கட்டிக் காத்த கணக்கு ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம். தங்கள் சேமிப்பைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள் என்பதால் ஜனங்கள் அதை 'கொர்ரலீத்தோ' என்றார்கள். அப்புறம் சமையலறைப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து தட்டினார்கள். அதற்கு 'காசெரொலாஸோ' என்று பெயர். 'காசெரோலா' என்றால் பாத்திரம், அந்த வால் விகுதிக்கு 'அதைக்கொண்டு ஓங்கி ஓர் அடி' என்று அர்த்தம். டிசம்பர் 20-ம் தேதி ஜனாதிபதி ராஜினாமா செய்து மாளிகையிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பினார். பொருளாதாரப் பாடப்புத்தகம் இந்த நெருக்கடியை நாணய வாரியம், கடன் விகிதம் என்று விளக்கும். வேண்டியதுதான். ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது எப்படி வலித்தது என்பது அந்த இரண்டு விகுதிகளில் இருக்கிறது. எகத்தாளமும் கோபமும் சேர்ந்த அந்தத் தொனியை எந்த வரைபடத்திலும் வரைய முடியாது.

இன்னும் பின்னால் போனால் 1545. இன்றைய பொலிவியாவில் இருக்கிற போதோஸி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வெள்ளி ஸ்பெயினுக்குப் போனது, அங்கிருந்து ஐரோப்பா முழுக்க, மணிலா வழியாகச் சீனாவுக்கும். அதில் அடித்த எட்டு ரியால் காசு உலகம் முழுக்கச் செல்லுபடியானது, அமெரிக்காவிலேயே 1857 வரை சட்டப்படி செல்லும் பணமாக இருந்தது. இவ்வளவு வெள்ளி வந்தும் ஸ்பெயினில் ஏன் விலைவாசி ஏறுகிறது என்று யோசித்து, பணம் எங்கே பெருத்துக் கிடக்கிறதோ அங்கே அதன் மதிப்பு குறைகிறது என்று மார்தீன் தெ அஸ்பில்குவெதா என்ற பாதிரியார் 1556-ல் எழுதி வைத்தார். ஸ்பானிஷ் மொழியில், ஆடம் ஸ்மித் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால். இதை பி.காம் வகுப்பில் சொல்கிறவர்கள் அபூர்வம். ஸ்பானிஷ் துறையில் சொல்கிறார்களா என்றால், அங்கேயும் பெரும்பாலும் இல்லை.

இங்கேதான் துறைகள் மீது கோபம் வருகிறது. பெயர் 'ஸ்பானிஷ் மொழியும் ஹிஸ்பானியப் பண்பாடுகளும்' என்று இருக்கும். பாடத்திட்டத்தைத் திறந்தால் இலக்கிய வரலாறு பாகம் ஒன்று, பாகம் இரண்டு, பொற்காலக் கவிதை, நாவல். செர்வாந்தெஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1605-ல் வந்த 'தோன் கிஹோத்தே'வைப் படிக்காமல் இந்தப் பட்டம் வாங்கினால் திருக்குறள் தெரியாமல் தமிழ் எம்.ஏ. வாங்கின மாதிரி. ஆனால் வெள்ளி, சர்க்கரை, அடிமை வியாபாரம், சர்வாதிகாரம், கடன், கால்பந்து, புலம்பெயர்வு இதெல்லாம் எந்தப் பண்பாட்டுக் கணக்கில் வரும்?

'ஹிஸ்பானிய' என்ற சொல்லே ஒரு போர்வை. பராகுவேயில் பெரும்பாலானவர்கள் வீட்டில் குவாரனி பேசுகிறார்கள், 1992 அரசியல் சட்டப்படி அது ஸ்பானிஷோடு சமமான ஆட்சிமொழி. ஆண்டிஸ் மலைகளில் கெச்சுவா, மெக்ஸிகோவில் நாவாத்தல். தக்காளிக்கும் சாக்லெட்டுக்கும் உலகம் முழுக்க வழங்குகிற பெயர்கள் நாவாத்தல் கொடுத்தவை. ஸ்பெயினுக்குள்ளேயே ஃபிராங்கோ காலத்தில் கத்தலான் மொழியை அலுவலகத்திலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் துரத்தினார்கள். ஸ்பானிஷுக்கு முதல் இலக்கண நூலை நெப்ரிஹா 1492-ல் எழுதி ராணி இசபெல்லாவுக்குச் சமர்ப்பித்தார். அதே வருஷம்தான் கிரனாடா விழுந்தது, யூதர்கள் விரட்டப்பட்டார்கள், கொலம்பஸ் கப்பல் ஏறினார். இலக்கணமும் சாம்ராஜ்யமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1965-ஐக் கேட்டு வளர்ந்த ஊரில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு வந்தால், ஜேஎன்யூ, ஹைதராபாத்தின் இஃப்லு, டெல்லி பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா என்று ஸ்பானிஷைப் பட்டமாகவே படிக்க இடங்கள் இருக்கின்றன. ஒரு வார்த்தை தெரியாமல் போய்ச் சேர்ந்து, அகரத்திலிருந்து ஆரம்பித்து மூன்று வருஷத்தில் நாவல் படிக்கிற அளவுக்கு வருகிறார்கள். நம் ஊரில் அந்நிய மொழி என்றால் பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுக்கிற ஃப்ரெஞ்சு, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்து போகிற ஃப்ரெஞ்சு. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் ஸ்பானிஷ் பட்டத்தையும் எடை போடுகிறோம்.

அதே சமயம் சென்னையில் தயாராகிற ராயல் என்ஃபீல்டு 2020-ல் அர்ஜென்டினாவில் வண்டிகளைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. டிசிஎஸ் 2002-லிருந்து உருகுவேயில் இருக்கிறது. வேலை இல்லை என்று சொல்வதும் தப்பு. ஆனால் மறுபடியும் வேலைக் கணக்கில் இறங்க வேண்டாம். அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை மொழிபெயர்க்க ஒரு டெலே சான்றிதழ் போதும் என்று கம்பெனி சொன்னால் அது நியாயமே.

டெலே போதாத இடம் ஒன்று நம் அலமாரியிலேயே இருக்கிறது. கார்சியா மார்க்கேஸ் 1967-ல் எழுதிய நாவல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழில் வந்தது 2013-ல். நாற்பத்தாறு வருஷம்! நெரூதாவும் போர்ஹெஸும் தமிழுக்கு வந்ததும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் முதுகில் ஏறித்தான். அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழ் வாசகர்கள் கடன்பட்டவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'யூ' தான். ஒரு பாத்திரம் 'தூ'விலிருந்து 'உஸ்தெத்'துக்கு மாறுகிற இடத்தில் ஆங்கிலம் சும்மா இருக்கும், தமிழோ "நீ"யிலிருந்து "நீங்க"வுக்கு அழகாக மாறியிருக்கும். தமிழும் ஸ்பானிஷும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் சுலபமாகப் பேசி முடித்திருக்கக் கூடிய விஷயம், நடுவில் இருந்த தரகரிடம் தொலைந்து போயிருக்கிறது.

மெக்ஸிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை டெல்லியில் தூதராக இருந்தார். தன் நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டதை எதிர்த்து அந்தப் பதவியிலிருந்து விலகினார். இந்தியாவைப் பற்றிக் கவிதையும் எழுதினார், 1995-ல் ஒரு புத்தகமும் எழுதினார். ஸ்பானிஷ்காரர் ஒருவர் நம்மை இவ்வளவு உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார். அதை அவர் எழுதிய மொழியிலேயே படித்து "இது சரி, இங்கே தப்பு" என்று தமிழில் எழுத ஆள் வேண்டும். மூன்று வருஷம் அதற்கு அதிகம் இல்லை. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் குறைச்சல்தான்.